ஈடும் மீட்பும்

பண்ணைக்காட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காப்பிக்கொட்டை காயப்போடும் களம் ஒன்று உண்டு. அதை ஒட்டி ஒரு பழைய கிடங்கு. தாத்தா காலத்தில் மூட்டைகள் அடுக்கியிருந்த இடம். இப்போது உடைந்த ஏணி, சாக்கு, ஓட்டை விழுந்த மருந்தடிக்கும் டப்பா எல்லாம் கிடக்கின்றன. 2021 டிசம்பரில் அதைக் காலி செய்தபோது, அடியில் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே நான்கு உளி, ஒரு வாய்ச்சி, பல் தேய்ந்த ரம்பம், மரத்தில் கோடு கிழிக்க உதவும் ஒரு சின்னக் கட்டை, துணியில் சுற்றிய ஓர் இரும்பு இழைப்புளி.

எனக்குப் பழைய கைக்கருவிகள் மீது பித்து உண்டு. திண்டுக்கல்லில் வேலை, சனி ஞாயிறு மலைக்கு வருவேன். கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தை, வத்தலக்குண்டு பழைய இரும்புக்கடை என்று அலைந்து இருபது முப்பது சாமான் சேர்த்திருந்தேன். ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தது போல ஒன்று அதுவரை கையில் சிக்கியதில்லை.

இழைப்புளியின் அடிப்பாகத்தைத் துடைத்ததும் 5 என்ற எண் தெரிந்தது. அலகைத் தாங்கும் இரும்புக்குப் பின்னால், வார்ப்பிலேயே மூன்று காப்புரிமைத் தேதிகள் இருந்தன: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. இந்த உலகத்தில் புழங்குகிறவர்களுக்கு அது போதும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ பிரிட்டன் என்ற ஊரில், ஸ்டான்லி கம்பெனி 1910க்கும் 1918க்கும் இடையில் செய்தது. லெனார்ட் பெய்லி என்பவர் கண்டுபிடித்த அமைப்பு அது. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி 1869இல் வாங்கிவிட்டது. பின்னால் இருக்கும் பித்தளைத் திருகைச் சுற்றினால் அலகு மயிரிழை அளவுக்கு இறங்கும், ஏறும். மேலே இருக்கும் நெம்புகோலைத் தட்டினால் இடம் வலம் சாயும். மரக்கட்டை இழைப்புளியில் சுத்தியலால் தட்டித் தட்டி நிதானத்துக்குக் கொண்டுவர வேண்டியதை, இதில் இரண்டு விரல் செய்துவிடும்.

அது இந்த மலைக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியவர்களே மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள்தான். காட் ரோடு வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில் நாற்காலி, பெட்டி, மனிதர்கள் எல்லாமே கூலியாட்களின் தோளிலும் தலையிலும்தான் மேலே ஏறின.

அடுத்த இரண்டு மாதமும் எல்லா விடுமுறையையும் அந்த இழைப்புளிக்குக் கொடுத்தேன். பிரித்து, இரும்புப் பாகங்களை ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டேன். காலையில் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் அலசி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். தடிமனான கண்ணாடிமீது உப்புத்தாளை ஒட்டி, அடிப்பாகத்தை அதில் இழுத்து இழுத்துச் சமன் செய்தேன். பென்சிலால் குறுக்கே கோடு போட்டுக்கொண்டு, கோடு முழுக்க மறையும்வரை தேய்க்க வேண்டும். மறைந்தால் சமம். அலகைத் தீட்டி, முன்கையில் நாலு ரோமம் சிரைத்துப் பார்த்தேன். பழனிமலைப் பனியில் இரும்பு துருப்பிடிக்க ஒரு வாரம் போதும். அதனால் எண்ணெயும் மெழுகும் போட்டு வைத்தேன்.

ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. பின்பக்கப் பிடி. அந்தக் காலத்து ஸ்டான்லியில் பிடி பிரேசில் நாட்டுத் தோதகத்தியில் இருக்கும். இதில் இருந்தது யாரோ உள்ளூரில் செதுக்கிப் போட்ட கொய்யாக்கட்டை. அதுவும் குட்டை. என் கை அதில் உட்காரவில்லை, சுண்டுவிரல் வெளியே தொங்கியது. அரைகுறை வேலை என்று நினைத்தேன். அசல் அளவில், நம் ஊர்த் தோதகத்தியில் ஒரு பிடி செய்துதரச் சொல்லி 2,800 ரூபாய்க்கு வரவழைத்தேன். பொருத்தியதும் கச்சிதமாக இருந்தது. போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். நூறு வயசுக் கிழவனை மீட்டெடுத்துவிட்டேன் என்று எழுதியதாக ஞாபகம்.

பழைய பிடியை வெந்நீர் அடுப்பில் போட்டேன். கொய்யா நன்றாக நின்று எரியும்.

*

2022 ஜூலையில் வீட்டு ஜன்னல் ஒன்று ஈரத்தில் உப்பிக்கொண்டு சாத்த வரவில்லை. அம்மா ஆள் விட்டு ஒரு ஆசாரியை வரச்சொன்னார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ரோட்டுக்கு மேல் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. பையில் மின்சார இழைப்பு மெஷின் வைத்திருந்தார். கரண்ட் இல்லை. மலையில் காற்றடித்தால் அது போவது சகஜம்.

"நம்மகிட்ட ஒண்ணு இருக்கு ஐயா" என்று பெருமையாக உள்ளே போய் இழைப்புளியை எடுத்துவந்து கொடுத்தேன்.

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பித்தளைத் திருகை ஒரு சுற்றுச் சுற்றினார். ஜன்னல் விளிம்பில் ஒரு இழுப்பு. தாள் மாதிரி மரச்சுருள் எழும்பி வந்தது. "நல்லாத் தீட்டியிருக்கீங்க தம்பி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலை முழுக்க இழைத்து, சாத்திப் பார்த்து, இழைப்புளியைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"இதுல ஒரு குட்டைப் பிடி இருந்துச்சுல்ல, அது எங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"எங்கப்பா சாமான் தம்பி இது. அவுகளுக்கு வலது கையில சுண்டுவிரல் கெடையாது. மரம் அறுக்கப் போன எடத்துல போயிருச்சு. தொரை ஒருத்தர் ஊருக்குத் திரும்பிப் போறப்ப இத அவுகளுக்குக் குடுத்துட்டுப் போனாரு. பிடி அவுக கைக்குப் பெருசா இருந்துச்சுன்னு வெட்டிப்போட்டுட்டு, கொய்யாக் கட்டையில அவுகளே செஞ்சுக்கிட்டாக. நான் சின்னப் பிள்ளையில பிடிச்சுப் பாத்திருக்கேன். என் கைக்குச் சரியா இருக்கும்."

எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. பதில் எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"அடகுதான். அக்கா கல்யாணத்துக்குப் பெட்டியோட வச்சாக. மீக்க முடியல. அதுக்கப்புறம் எரவல் சாமான்ல கொஞ்ச நாள் பாத்தாக. சரிப்படல. கடைசியில காப்பித் தோட்டத்துல கவாத்துக்குப் போய்ட்டாக. ஒங்க தோட்டத்துலதான்."

இதைச் சொல்லும்போது குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார். எடுத்துக்கொண்டு போங்கள் ஐயா, உங்களுடையதுதான் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "வட்டியோட எம்புட்டு ஆச்சு?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் இழைப்புளியைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"பிடி இருந்திருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன் தம்பி."

*

பழைய கருவிகளைச் சேர்ப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அடையாளம் காணும் கலை. முத்திரை, வார்ப்பெழுத்து, திருகின் வடிவம், பிடியின் மரம். இவற்றை வைத்து ஒரு கருவி எந்த ஊரில் எந்த ஆண்டுகளில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். நானும் சொன்னேன், எட்டு வருட இடைவெளிக்குள். ஆனால் இந்தக் கலை தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. கருவி வாசலைத் தாண்டியபிறகு அதற்கு நடந்ததெல்லாம் நம் கணக்கில் 'சேதம்', 'மாற்றுப் பாகம்', 'அசல் அல்ல'. நூறு வருடம் உழைத்த ஒரு பொருளில், உழைக்க ஆரம்பிப்பதற்கு முந்தைய நாளைத்தான் நாங்கள் அசல் என்று கூப்பிடுகிறோம்.

நம் ஊர்க் கொல்லர் அடித்த வாய்ச்சிக்கும் கவாத்துக் கத்திக்கும் முத்திரை கிடையாது. அதனால் சேகரிப்பாளர் உலகில் அவற்றுக்கு வரிசையும் கிடையாது, விலையும் கிடையாது. பெட்டியிலிருந்து இழைப்புளியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை நான் அப்படியே மூடிவைத்ததன் காரணம் இதுதான். பெயர் இல்லாதது எனக்குப் பழைய இரும்பு. பெயர் இருந்ததும்கூட ஒரு கம்பெனியின் பெயர். அதைப் பிடித்திருந்த கையின் பெயரை நான் தேடவே இல்லை. ரொம்ப தூரம் போகவும் வேண்டியிருக்கவில்லை. அம்மாவிடம் கேட்டிருந்தால் போதும்.

தத்துவம் படித்தவர்களுக்குத் தீசியஸின் கப்பல் தெரிந்திருக்கும். புளூட்டார்க் சொல்லும் கதை. ஏதென்ஸ்காரர்கள் அந்தக் கப்பலின் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். எல்லாப் பலகையும் மாறியபின் அது அதே கப்பலா, வேறா? கல்லூரியில் இதை வைத்து விடிய விடியப் பேசியிருக்கிறோம். அப்போது எங்களில் யாருக்கும் தோன்றாத ஒரு கேள்வி இப்போது தோன்றுகிறது. அந்தப் பலகைகளை மாற்றிய தச்சன் யார்? கப்பல் தீசியஸுடையது என்று ஒத்துக்கொண்டபிறகுதானே 'அதே கப்பலா' என்ற கேள்வியே வருகிறது. இழைப்புளியில் மாறிய ஒரே பாகம் அந்தப் பிடி. என் கணக்கில் அது போலி. ஆசாரியின் கணக்கில் அது மட்டும்தான் அசல். இரண்டு பேரும் ஒரே பொருளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜான் ரஸ்கின் 1849இல், பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது அவற்றை முற்றாக அழிப்பதற்குச் சமம் என்று எழுதினார். வேலை செய்தவனின் கையும் கண்ணும் கொடுத்ததைத் திரும்ப வரவழைக்க முடியாது என்பது அவர் வாதம். முன்பு படித்தபோது மிகை என்று நினைத்தேன். துருப்பிடித்த அலகை அப்படியே வைத்திருந்து யாருக்கு என்ன லாபம்? இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். துரு என்பது நினைவல்ல, அது இரும்பைத் தின்னும் வேதிவினை. விட்டுவைத்தால் பொருளே மிஞ்சாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர் இரும்புச் சாமான்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றை யாரும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க மாட்டார்கள். ஆனால் அவை இனி வெட்டப் போவதில்லை. கருவியாக இருந்தது சான்றாக மாறிவிட்டது. என் இழைப்புளி இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அது இன்னும் இழைக்கும். அதே சமயம் ஒரு மனிதருடைய கையின் சான்றும் அதில் இருந்தது. துருவை எடுத்தது தப்பில்லை. துரு எது, கை எது என்று பார்க்காமல் இரண்டையும் சேர்த்து எடுத்ததுதான் தப்பு.

*

அன்று ராத்திரி தாத்தாவின் கணக்கு நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். 1967 நோட்டில் இருந்தது. 'ஆசாரி, சாமான் பெட்டி ஈடு, ரூ. 80, வட்டி 2.' மாதம் நூற்றுக்கு இரண்டு. அதே பக்கத்தில் இன்னும் மூன்று ஈடு: ஓர் அண்டா, ஒரு ஜோடித் தோடு, ஒரு மண்வெட்டி. அண்டாவும் தோடும் அடிக்கப்பட்டிருந்தன, மீட்டுப் போயிருக்கிறார்கள். மண்வெட்டியும் பெட்டியும் அடிக்கப்படவில்லை.

எனக்கு ஞாபகமிருக்கும் தாத்தா நல்ல மனிதர். வேலைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்ப மாட்டார். கொடுமைக்காரர் அல்ல. ஊரில் எல்லோரும் வாங்குகிற வட்டியைத்தான் அவரும் வாங்கினார். ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. அண்டாவை அடகு வைத்தவர் கூலிக்குப் போய்ச் சம்பாதித்து மீட்டுவிடலாம். சாமான் பெட்டியை வைத்த ஆசாரி எதை வைத்துச் சம்பாதித்து மீட்பார்? கருவியை ஈடாக வாங்கும்போது, கடனை அடைக்கும் வழியையே ஈடாக வாங்கிவிடுகிறோம்.

இது புதிய ஞானம் ஒன்றும் இல்லை. பழைய ஏற்பாட்டில் உபாகமம் 24ஆம் அதிகாரம், திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது என்கிறது. அது ஒருவனுடைய உயிரையே அடகு வாங்குவது என்று காரணமும் சொல்கிறது. இந்த இழைப்புளியைக் கொடுத்துவிட்டுப் போன துரை அதைப் படித்திருப்பார். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்திலும் இது உண்டு. 60ஆம் பிரிவின்படி, கடனுக்காக நீதிமன்றம் சொத்தை ஜப்தி செய்யும்போது கைவினைஞரின் கருவிகளைத் தொடக் கூடாது, விவசாயியின் உழவுச் சாமான்களையும் தொடக் கூடாது. இன்றைக்கும் அதுதான் சட்டம். ஆனால் அது கட்டிப்போடுவது கோர்ட்டின் கையை. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் ஒருவர் தாமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு நல்ல மனிதரின் திண்ணையில் வைக்கும்போது, அங்கே சட்டத்துக்கு வேலை இல்லை. அங்கே இருப்பது வாங்குகிறவரின் மனசாட்சி மட்டும்தான். வருடா வருடம் ஆயுதபூஜைக்கு எங்கள் கிடங்கில் எல்லாச் சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அந்தப் பெட்டிக்கும் வைத்திருப்போம். அடுத்தவருடைய ஆயுதத்துக்கு.

தமிழில் 'மீட்பது' என்றால் அடகை மீட்பதும்தான், அழிவிலிருந்து மீட்பதும்தான். நான் இரண்டாவது அர்த்தத்தில் மார்தட்டிக்கொண்டிருந்தேன். முதல் அர்த்தத்தில் அந்த இழைப்புளி ஐம்பத்தைந்து வருடமாக மீட்கப்படாமலே கிடந்தது. 'ஈடு' என்ற சொல்லும் அப்படித்தான். அடகுப் பொருளும் ஈடு, நஷ்டத்துக்குக் கொடுப்பதும் ஈடு. ஆசாரி சிரித்துக்கொண்டே கேட்ட வட்டிக் கணக்கை நான் உண்மையாகவே போட்டுப் பார்த்தேன். தனிவட்டியில் 1,056 ரூபாய், அசலோடு 1,136. நான் தோதகத்திப் பிடிக்குக் கொடுத்த காசில் பாதிகூட இல்லை.

இதற்கு எதிராக என்னிடமே ஒரு வாதம் உண்டு. நான் எடுத்துத் துடைத்திருக்காவிட்டால் பெட்டி கிடங்கிலேயே மக்கியிருக்கும், அல்லது கிலோக் கணக்கில் போயிருக்கும். ஆசாரி அதைப் பார்த்தேயிருக்க மாட்டார். சேகரிப்பவன் இல்லையென்றால் பொருளும் இல்லை, பொருள் இல்லையென்றால் இந்தக் குற்ற உணர்வும் இல்லை. உண்மைதான். ஆனால் காப்பாற்றினேன் என்பது, காப்பாற்றியதை என் இஷ்டத்துக்குத் திருத்தும் உரிமையைத் தராது. விழுந்தவரைத் தூக்கிவிட்டதற்காக அவர் பையில் இருப்பதைக் கொட்டிக் கழிக்கலாமா?

இன்னொரு வாதம் அம்மாவுடையது. "அவரே வேணாம்னுட்டாருல்ல, விடு." அவர் வேண்டாம் என்றது இரும்பை. நான் கொடுக்க முன்வந்ததும் இரும்பை மட்டும்தான், அதுவும் என் ரசனைக்குத் தேய்த்து, என் கைக்கு அளவெடுத்த இரும்பை. அவருக்குச் சேர வேண்டியதை அடுப்பில் போட்டுவிட்டு, எனக்குச் சேர்ந்ததைத் தானம் செய்யப் பார்த்தேன். அவர் ஏன் வாங்க வேண்டும்?

*

இரண்டு வாரம் கழித்து அவரைப் போய்ப் பார்த்தேன். கொய்யாக்கட்டையில் அதே அளவில் ஒரு பிடி செய்து போட்டுவிடலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "எதுக்கு தம்பி? அது நீங்க செஞ்ச பிடியால்ல இருக்கும்" என்றார். நான் இத்தனை பக்கத்தில் சுற்றி வளைத்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

பெட்டியையும் கொண்டுபோயிருந்தேன். நான் தொடாத பெட்டி. உளிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்தார். ரம்பத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் கோடு கிழிக்கும் அந்தச் சின்னக் கட்டையை எடுத்தார். முத்திரை இல்லாதது, மரமும் ஒரு ஆணியும் மட்டும். கட்டைவிரல் அழுந்தி அழுந்தி ஓரிடத்தில் குழி விழுந்து, எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கறுத்திருந்தது. நல்லவேளை, அதைச் சுத்தம் செய்யும் அளவுக்கு எனக்கு அது பொருட்டாக இருந்ததில்லை. அவர் தன் கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"இத எடுத்துக்கிடவா?"

"பெட்டியே உங்களதுதான் ஐயா."

"பெட்டிய வைக்க எடமில்ல." கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் மருமகள் காப்பி கொண்டுவந்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அதற்குப்பின் சேகரிப்பதை விட்டுவிடவில்லை. ஆனால் ஒரு சாமான் கைக்கு வந்தால் வினிகரை எடுப்பதற்கு முன்னால் விற்றவரிடம் இது யார் வைத்திருந்தது என்று கேட்கிறேன். பாதிப் பேருக்குத் தெரிகிறது. 'எங்க மாமா', 'கீழ வீட்டு ஆசாரி', 'பெருமாள்மலையில ஒருத்தர்' என்கிறார்கள். எழுதி வைத்துக்கொள்கிறேன். கம்பியால் கட்டிய பிடி, ஆணியடித்த விரிசல், யாரோ கீறிய புள்ளிகள், எதையும் இப்போது கழற்றுவதில்லை. அலகை மட்டும் தீட்டுகிறேன்.

இழைப்புளி அலமாரியில் இருக்கிறது, தோதகத்திப் பிடியோடு. பார்க்கிறவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். 1967 நோட்டில் அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை. அடிக்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. அதற்கு மேலே இருக்கும் மண்வெட்டிக்காரரின் வீட்டைத்தான் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.